ஆடுற வண்டி, பாடுற டயர்!

காரில் மற்ற உறுப்புகளெல்லாம் நாணயமானவை. பாட்டரி போனால் காலையில் சாவியைத் திருப்பும்போதே 'க்ளுக்' என்று கையை விரித்துவிடும். பிரேக் பேட் தேய்ந்தால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கிறீச்சிடும். ஹாரன் போனால்... நம் ஊரில் ஹாரன் போன கார் அடுத்த தெருவைத் தாண்டாது. இந்த ஷாக் அப்சார்பர் ஒன்றுதான் ஊமைக் கோட்டான். சொல்லாமல் கொள்ளாமல், மாதச் சம்பளம் கரைகிற மாதிரி தினம் கொஞ்சமாகக் கரையும். போய்விட்டது என்று ஊருக்குத் தெரிகிறபோது அது போய் ஆறு மாசம் ஆகியிருக்கும்.

அடியேனுக்கு உத்தியோகம் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில். ஒரு உதிரி பாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவு. கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். காருக்குள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், யாரும் தொட்டே பார்க்காத ஒரு பிளாஸ்டிக் சமாசாரம். பெண் பார்க்கப் போனபோது மாமனார் கேட்டார். "கார் தயார் பண்ற இடம்" என்று பெரியப்பா சொல்லிச் சமாளித்தார். பொய் என்றும் சொல்ல முடியாது.

எங்கள் வட்டாரமே அப்படி. அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. இந்தப் பக்கம் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். டயருக்கு அப்போலோ. வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சோதிக்க ஜி.ஏ.ஆர்.சி. என்று மத்திய அரசு மையமே ஒன்று ஒரகடத்தில் இருக்கிறது. உள்ளே சோதனைக்கென்றே தனி ரோடுகள் போட்டிருக்கிறார்கள். வெளியே இருக்கிற எங்கள் ரோட்டைக் கொடுத்திருந்தால் அந்தச் செலவு மிச்சம் என்பது எங்கள் கேண்டீன் அபிப்பிராயம்.

தினமும் காலையில் புத்தம் புதுக் கார்கள் டிரெய்லர் லாரியில், கல்யாணப் பெண் மாதிரி அசையாமல், தலைகுனிந்து போகும். பின்னாலேயே அந்தக் கார்களைச் செய்கிற நாங்கள் ஆடி ஆடிப் போவோம்.

என் கார் சின்னக் கார். 12 வயசு. கம்பெனி பேர் வேண்டாம். வயசானதற்குக் கம்பெனி என்ன செய்யும்? ஒன்றரை வருஷத்துக்கு முன் செகண்ட் ஹாண்டாக வாங்கும்போது 58,000 கி.மீ. காட்டியது. இப்போது 88,000. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை, ஒரகடம் வழியாகப் பிள்ளைப்பாக்கம், சுமார் 35 கி.மீ. போனதைப் போல வரவும் வேண்டுமே. கூட மூன்று பேர் வருகிறார்கள். முன் ஸீட்டில் அக்கவுண்ட்ஸ் சார். பின்னால் க்வாலிட்டி மேடம், பக்கத்தில் டிரெய்னி தம்பி ஒருவன். பெட்ரோல் நாலு பங்கு. இதில் க்வாலிட்டி மேடத்துக்கு ஏழாவது மாசம்.

விஷயத்தைக் கண்டுபிடித்ததே அவர்தான். ரெண்டு வாரம் லீவில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்து ஏறினார். படப்பை தாண்டியதும், "என்ன சார், வண்டி ஆடுது? போன மாசம் இப்படி இல்லியே?" என்றார்.

தினம் பார்க்கிற அப்பாவுக்குப் பையன் வளர்ந்தது தெரியாது. ஊரிலிருந்து வருகிற அத்தைதான் வாசலிலேயே, "அட, இம்மாம் உசரம் ஆயிட்டான்!" என்பாள். ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். டிரைவரின் கையும் இடுப்பும் அந்த ஆட்டத்துக்குத் தினம் ஒரு நூல் அளவு பழகிக்கொண்டே வரும். ஆகவே உங்கள் வண்டி எப்படி என்று தெரியவேண்டுமானால் மாசத்துக்கு ஒரு தடவை அத்தை மாதிரி யாரையாவது ஏற்றிப் பார்க்கணும். ஓசிப் பயணம் என்றால் ஆள் கிடைக்காமலா போவார்கள்!

அன்றைக்கு மத்தியானமே எங்கள் பார்க்கிங்கில் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது.

"காத்து கம்மியா இருக்கும்யா. 30 பாயிண்ட் வெச்சுப் பாரு" என்றார் அக்கவுண்ட்ஸ் சார். அவருக்கு எந்த வியாதிக்கும் காற்றுதான் மருந்து.

"இல்ல ப்ரோ, யூடியூப்ல ஒண்ணு பார்த்தேன்" என்று டிரெய்னி தம்பி பானெட் மூலையில் ரெண்டு கையையும் வைத்து ஏறி அமுக்கினான். விட்டான். கார் மேலே வந்து நின்றது. மறுபடி அமுக்கினான். மறுபடி வந்து நின்றது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஓடி வந்து, "தள்ளணுமா சார்?" என்றார்.

இந்த அமுக்கிப் பார்க்கிற டெஸ்ட் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அமுக்கி விட்டால் வண்டி ஒரு தடவை மேலே வந்து அடங்கணும். ரெண்டு, மூணு தடவை தொட்டில் மாதிரி ஆடினால் ஷாக் காலி. என் வண்டி ஆடவில்லை. பாஸ்!

ஆனால் இதில் ஒரு சூது இருக்கிறது. கையால் அமுக்குகிற வேகம் என்ன, 50 கி.மீ. வேகத்தில் பள்ளத்தில் விழுகிற சக்கரத்தின் வேகம் என்ன! பாதி செத்த ஷாக் கூட நம் கை அமுக்கலுக்கு மரியாதை கொடுத்து அடங்கிவிடும். இந்தப் பரீட்சையில் ஃபெயிலானால் ஷாக் போனது நிச்சயம். பாஸானால் ஒன்றும் நிச்சயமில்லை. நம் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நேர் எதிர்.

இந்த இடத்தில் கொஞ்சம் தத்துவம். ஒரு நிமிஷம்தான்.

நம் தாத்தா காலத்து வில் வண்டி ஞாபகம் இருக்கிறதா? சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். பண்ணையார் சலங்கை சத்தத்தோடு வருவாரே, அது. வில் என்பது ஸ்பிரிங். பட்டை பட்டையாக இரும்பை அடுக்கி வளைத்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் தானாகவே கொஞ்சம் அடங்கும். காரில் இருப்பது பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங். அதற்கு உரசல் கிடையாது. ஒரு தடவை அமுக்கி விட்டால் குதித்துக்கொண்டே இருக்கும். வண்டியின் எடையைத் தாங்குவதும், பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வதும் ஸ்பிரிங்தான். நியாயமாக 'ஷாக் அப்சார்பர்' பட்டம் அதற்குத்தான் போகணும். நாம் ஷாக் அப்சார்பர் என்கிற ஆசாமியின் வேலை, அடி வாங்கிய ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. இங்கிலாந்துக்காரர்கள் அதனால் அவனை 'டேம்பர்' என்கிறார்கள். குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பொடி ஓட்டைகள் உள்ள பிஸ்டன். ஓட்டை வழியாக எண்ணெய் கஷ்டப்பட்டு நுழைய, ஆட்டத்தின் சக்தியெல்லாம் சூடாக மாறி வெளியே போகும். மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள், சுடும்.

ஸ்ட்ரட் என்பது இதே ஆசாமிதான், ஆனால் கூடுதல் பொறுப்பு. சாதாரண ஷாக் வீட்டில் குடியிருப்பவன் என்றால் ஸ்ட்ரட் வீட்டைத் தாங்குகிற தூண். ஸ்பிரிங் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் மொத்தமாக அதுவும் திரும்பும். ஏர்ல் மெக்ஃபர்ஸன் என்ற அமெரிக்க எஞ்சினீயர் இதைப் பிரபலப்படுத்தினார். 1950-ல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்ஸல், ஸெஃபிர் கார்களில் வந்தது. இன்றைக்கு நம் சின்னக் கார்களில் முன் சக்கரம் பெரும்பாலும் அவர் பேர் சொல்கிறது. மனிதர் 1960-ல் காலமாகிவிட்டார். ஒரகடம் ரோட்டைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இந்தக் குழாய் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது தெரியுமா? ஷாக் தயாரிக்கிறவர்கள் சொல்கிற கணக்கு, சராசரியாக மைலுக்கு 1,750 தடவை. கிலோ மீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம். 80,000 கி.மீ. ஓடினால் எட்டுக் கோடி தடவைக்கு மேல்! எட்டுக் கோடி தடவை நமஸ்காரம் பண்ணினால் எந்த இடுப்புதான் தாங்கும்?

சரி, 80,000 ஆனால் மாற்றிவிட வேண்டியதுதானா? அமெரிக்காவில் 50,000 மைல், அதாவது 80,000 கி.மீ. என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது அமெரிக்க ரோடு. பெங்களூர் ஹைவேயிலேயே ஓடுகிற வண்டி அதைத் தாண்டியும் ஜம்மென்று இருக்கலாம். எங்கள் ரூட் வேறு. ஸ்பீட் பிரேக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் இலக்கணப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 25 கி.மீ. வேகத்தில் கௌரவமாக ஏறி இறங்கலாம். எங்கள் வழியில் உள்ளவற்றை ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டியிருக்கிறார்கள். அகலம் ஒரு முழம், உயரம் அன்றைக்கு மிச்சமிருந்த சிமெண்ட்டைப் பொறுத்தது. மணல் லாரிப் புழுதி வேறு. ஆகவே கி.மீ. என்பது 'போய்க் காட்டு' என்று சொல்கிற தேதிதானே தவிர 'மாற்று' என்று சொல்கிற தேதி இல்லை.

இது எனக்குத் தெரிந்தது. நான் முதலில் வண்டியைக் காட்டிய இடத்துக்குத் தெரியவில்லை. பேர் வேண்டாம். ஏ.ஸி. ஹால், காபி, டை கட்டிய பையன். கையிலிருந்த டாப்லெட்டைத் தடவித் தடவி, "முன்னால ஸ்ட்ரட் ரெண்டு, பின்னால ஷாக் ரெண்டு, மவுண்ட்டிங், லோயர் ஆர்ம் ரெண்டு, லேபர்... 38,400 வருது சார்" என்றான்.

"ஆயில் லீக் ஆகுதா?"

"88,000 ஆயிடுச்சே சார்."

"அது சரி, லீக் ஆகுதா?"

"கிலோ மீட்டர் ஆயிடுச்சு சார்."

பர்ச்சேஸில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். காரணம் கேட்டால் ரேட் சொல்கிறவனையும், ரேட் கேட்டால் காரணம் சொல்கிறவனையும் வாசலோடு அனுப்பிப் பழக்கம். காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் வயிற்றைக் கலக்கியது நிஜம். அடுத்த மாசம் தங்கைக்கு வளைகாப்பு. அதற்கென்று ஒதுக்கி வைத்தது 15,000. அப்பா ரிடையர்டு. வளையல், புடவை, சித்திரான்னம், மண்டப வாடகை எல்லாம் என் தலையில்தான். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "ஓடுதில்ல? ஓடற வரைக்கும் ஓட்டு" என்றார் அப்பா. அவர் ஆயுசு முழுக்க சைக்கிளில் போனவர். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தூங்கப் போகும்போது, "அந்த மேடத்துக்கு ஏழாம் மாசம்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு லைட்டை அணைத்தாள்.

படப்பையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் உண்டு. புங்க மரத்தடியில் ஷெட். காபி கிடையாது. போன் போட்டேன். "ஞாயித்துக்கிழம காலைல எட்டு மணிக்கு வா தம்பி. டயர் எதையும் மாத்தாத, காத்து ஏத்தாத. அப்படியே கொண்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வியாழக்கிழமை வந்தது.

சாயங்காலம் ஆறரை. பொசபொசவென்று தூறல். ஒரகடத்தைத் தாண்டி படப்பை பக்கம் வருகிறோம். வேகம் 60 இருக்கும். ரோட்டு நடுவே மீடியனில் புல் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று, எதிர்ப்பக்கத்துப் புல் இன்னும் பச்சை என்று தோன்றியோ என்னவோ, சட்டென்று இறங்கியது.

பிரேக்கை அழுத்தினேன். பிரேக்கில் ஒரு குறையும் கிடையாது. போன மாசம்தான் பேட் மாற்றினேன். வண்டியின் மூக்கு தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டது. அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் அலை அலையாக இருந்தது. முன் சக்கரம் 'டக டக டக' என்று அதன்மேல் குதிக்கிறது. குதிக்கிற ஒவ்வொரு தடவையும் பிரேக் இல்லாத மாதிரி ஒரு வழுக்கல், அப்புறம் ஒரு பிடிப்பு, மறுபடி வழுக்கல். மாட்டுக்கும் எங்களுக்கும் ஒரு கை அகலம் இருக்கையில் நின்றது. பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி, ஏர் ஹாரனை அடித்துக்கொண்டே எங்களை ஒதுக்கிப் பறந்தது.

மாடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. கண்ணாடியில் பின் ஸீட் தெரிந்தது. க்வாலிட்டி மேடம் ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரெய்னி தம்பி அவருக்கு முன்னால் தன் கையை நீட்டித் தடுத்தபடியே இருந்தான். கையை எடுக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. படப்பை வரை யாரும் பேசவில்லை. அக்கவுண்ட்ஸ் சார்கூடக் காற்றைப் பற்றிப் பேசவில்லை.

ஷாக் அப்சார்பர் என்றால் சொகுசு என்று நினைக்கிறோம். இடுப்பு வலிக்காமல் இருக்க, காபி சிந்தாமல் இருக்க. நிஜத்தில் அது பிரேக்கின் பங்காளி. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தானே பிரேக்குக்கு வேலை? அந்தரத்தில் நிற்கிற டயரை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் வண்டி எப்படி நிற்கும்? ஸ்பிரிங் குதிக்கிறபோது டயரைத் தரையோடு ஒட்டவைப்பவன் இந்த எண்ணெய்க் குழாய்தான். அவன் போனால் நிற்கிற தூரம் நீளும். ஈர ரோட்டில் இன்னும் நீளும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. தரையைத் தொடாத டயரிடம் எந்த கம்ப்யூட்டரும் வேலை வாங்க முடியாது.

ஞாயிறு எட்டு மணி. பாய் பல் குச்சியோடு வந்தார். சாவியை வாங்கவில்லை. பானெட்டைத் தொடவில்லை. நேராக முன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, நாடி பார்க்கிற மாதிரி டயர்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"கை வை தம்பி."

வைத்தேன். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். டயரைச் சுற்றிப் பல்லாங்குழி!

"சக்கரம் குதிச்சுக் குதிச்சு வுழற எடத்துல மட்டும் தேஞ்சிருக்கு. அலைன்மெண்ட் போனா ஒரு ஓரமாத் தேயும். காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும். இது மாதிரி குழி குழியாத் தேஞ்சா மொதல்ல ஷாக்கைப் பாக்கணும். வண்டி ஓடறப்ப 'ஊ...'ன்னு பாடுதா?"

பாடியது. வீல் பேரிங் என்று நான் நினைத்திருந்தேன். நிறையப் பேர் அப்படி நினைத்துத்தான் பேரிங்கை மாற்றிவிட்டு, பாட்டு நிற்காமல் விழிப்பார்களாம்.

அப்புறம் ஜாக்கி. சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்தார். இடது ஸ்ட்ரட் பஜ்ஜிக் கடை எண்ணெய்ச் சட்டி மாதிரி இருந்தது. மேலிருந்து கீழ்வரை எண்ணெய் வழிந்து, அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. வலது பக்கம் மேலே மட்டும் லேசான ஈரம்.

இங்கே ஒரு நுட்பம். ஈரம் வேறு, வழிசல் வேறு. ஸீலுக்கு வழவழப்பு வேண்டும் என்பதால் மேல்பக்கம் லேசாகக் கசிந்த மாதிரி ஈரமாக இருப்பது சகஜம். அதைக் காட்டியே மாற்றச் சொல்கிற ஆசாமிகள் உண்டு. சந்தேகம் இருந்தால் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பாதிக் குழாய் வரை மறுபடி எண்ணெய் இறங்கியிருந்தால் கேஸ் முடிந்தது. இந்த டெஸ்ட்டுக்குச் செலவு ஒரு பழைய பனியன்.

காரணத்தையும் பாய் காட்டினார். ஸ்ட்ரட்டின் மேல் சட்டை மாதிரி ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்திருந்தது. கிழிசல் வழியாகப் புழுதி போய், கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய ராடில் பொடிப் பொடியாகக் கீறல். கீறிய ராடு ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ஸீலை அரம் மாதிரி அராவும். கொஞ்ச ரூபாய் ரப்பர், ஆயிரக்கணக்கில் வேட்டு.

"இப்ப ஸ்டியரிங்கைத் திருப்பு" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங்கின்மேல் விரலை வைத்துக்கொண்டார். திருப்பினேன். ஸ்பிரிங் கூடவே திரும்பாமல் இறுகி நின்று, பிறகு 'டொய்ங்' என்று தாண்டியது. மேலே இருக்கிற மவுண்ட் பேரிங் செத்துவிட்டது என்று அர்த்தமாம். ஸ்பீட் பிரேக்கரில் 'லொடக்' என்று கேட்டதே, அது ஸ்ட்ரட் இல்லை. லிங்க் ராடு என்கிற சுண்டு விரல் சமாசாரம். கையால் ஆட்டிக் காட்டினார். லோயர் ஆர்மைக் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்த்தார். புஷ் அசையவில்லை. "இதுக்கு என்னா கேடு? நல்லாத்தான் கீது." பின் ஷாக் ரெண்டும் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தன. கழற்றி, கையால் இழுத்து, அமுக்கிப் பார்த்தார். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நகர்ந்தன. திரும்பப் பூட்டிவிட்டார்.

38,400 கரைந்துகொண்டே வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேராசைதான், "பாய், ரைட் சைடு இன்னும் ஒழுகலியே? லெஃப்ட் மட்டும் போட்டா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

பாய் பல் குச்சியை வெளியே எடுத்தார். "ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல ஹவாய் செப்பல் போட்டுக்கினு ஓடுவியா நீ? பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கம் உக்காரும், ஒரு பக்கம் நிக்கும். முன்னால ரெண்டு, இல்ல பின்னால ரெண்டு. ஜோடிதான். ஒத்தையா எவன் சொன்னாலும் கேக்காத."

பாகம் வாங்குவதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். தொழில் தர்மம். புது ஸ்ட்ரட்டுக்குப் பெயிண்ட் பளபளப்பு ஒரு லட்சணமே இல்லை. பழைய குழாயைப் பிரித்து எண்ணெய் ஊற்றி, கறுப்புப் பெயிண்ட் அடித்தால் அதுவும் பளபளக்கும். டப்பாவில் கம்பெனி பேரின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் படிக்கணும். பார்ட் நம்பரை வண்டி மாடலோடு ஒப்பிடணும். பில் இல்லாமல் வாங்கக் கூடாது. ஷாக் ஒன்றும் சீமைச் சரக்கு இல்லை. கேப்ரியல் இந்தியா 1961-லிருந்து தயாரிக்கிறது, நம் ஓசூரிலேயே ஆலை இருக்கிறது. நேரான டீலரிடம் பில்லோடு கிடைக்கிறபோது குறுக்குச் சந்து எதற்கு?

ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கிற கட்டத்தில், வேடிக்கை பார்க்க வந்திருந்த டிரெய்னி தம்பியைப் பாய் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். அமுக்கி வைத்த ஸ்பிரிங் வழுக்கினால் ஆளையே அடித்துப் போட்டுவிடும். கம்ப்ரெஸர் என்று தனிக் கருவி போட்டு, ரெண்டு பக்கமும் சரிசமமாக இறுக்கினால்தான் மேல் நட்டில் கை வைக்கலாம். யூடியூபைப் பார்த்து வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்யலாம் என்று நினைத்திருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பொழுதுபோக்குகள் இருக்கின்றன.

ஸ்ட்ரட் ரெண்டு, மவுண்ட் பேரிங், ரப்பர் உறை, லிங்க் ராடு, கூலி. ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரத்தின் சாய்மானம் மாறிவிடும் என்பதால் கட்டாயம் வீல் அலைன்மெண்ட்டும் உண்டு. எல்லாம் சேர்த்து 9,250. ஜீ-பேயில் அனுப்பும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. மிச்சம் 5,750. வளைகாப்பு மண்டபத்திலிருந்து எங்கள் தெரு மொட்டை மாடிக்கு மாறியது. தங்கைக்கு போன் பண்ணிச் சொன்னேன். "மண்டபமா முக்கியம்? புளியோதரை மட்டும் அம்மா பண்ணணும், கேட்டரிங் வேணாம்" என்றாள்.

டயரின் பாட்டு மட்டும் நிற்கவில்லை. புது ஸ்ட்ரட் போட்டும் ஊளையிடுகிறதே என்று பாயைக் கேட்டால், "தேஞ்ச குழி தானா ரொம்புமா? டயருக்கு சதை வளராது தம்பி" என்றார். முன் டயர் ரெண்டும் பொங்கல் போனஸுக்குக் காத்திருக்கின்றன. அதுவரை வேகம் 50-க்கு மேல் கிடையாது. பின் ஷாக்குகளின்மேல் மார்க்கர் பேனாவால் தேதியும் கிலோ மீட்டரும் எழுதிவைத்திருக்கிறார். 98,000-த்தில் மறுபடி துடைத்துப் பார்க்கணும்.

திங்கட்கிழமை காலை படப்பை தாண்டியதும் க்வாலிட்டி மேடம், "ரோடு போட்டுட்டாங்களா சார்?" என்றார். ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறியது, இறங்கியது, அடங்கியது. அவ்வளவுதான். போன வியாழக்கிழமை மாடு குறுக்கே வந்த இடத்தில் எல்லாருமே ஒரு தடவை மீடியனைப் பார்த்துக்கொண்டோம். மாடு இல்லை.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, காத்து வெச்சா சரியாயிடும்னு" என்றார் அக்கவுண்ட்ஸ் சார்.

மேடம் இப்போது பிரசவ லீவில் போய்விட்டார். பின் ஸீட்டில் ஒரு இடம் காலி. தாம்பரம் டு பிள்ளைப்பாக்கம், காலை 7.10. பெட்ரோல் பங்கு உண்டு. ஜன்னலோரம் டிரெய்னி தம்பிக்கு.